விளம்பரம் அழைக்கும், வருபவரை யார் வரவேற்பது?

கேள்வி: வயது வந்தோருக்காக ஒரு சிறிய பயிற்சி மையம் நடத்துகிறோம். எழுத்து, கணக்கு, கணினி அடிப்படை, சில தொழிற்பயிற்சிகள் என்று மாலையிலும் வார இறுதியிலும் வகுப்புகள். பயிற்றுநர்கள் ஆறு பேர். ஒரு பருவத்துக்கு அறுபது பேரைத்தான் சேர்க்க முடியும். வயது வந்தோரின் திறன் வளர்ப்பு பற்றிப் பெரிய அளவில் ஒரு பொதுப் பிரச்சாரம் தொடங்கப் போவதாகவும், அதில் கூட்டாளியாகச் சேரும்படியும் ஓர் அரசுத் துறை எங்களுக்கு எழுதியிருக்கிறது. அவர்களுடைய போஸ்டர்களை நாங்கள் ஒட்ட வேண்டும், சமூக ஊடகத்தில் பகிர வேண்டும், எங்களிடம் படித்த மூவரின் கதையைப் படத்துடன் அனுப்ப வேண்டும். பதிலுக்கு எங்கள் லோகோவைக் கூட்டாளிகள் பட்டியலில் போடுவார்கள். பணம் எதுவும் இல்லை. ஒரு பெரிய தனியார் பயிற்சி நிறுவனமும் கூட்டாளியாம். எங்கள் நிர்வாகிகளில் பாதிப் பேர் ‘நல்ல வாய்ப்பு’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘நம் பெயரை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், நமக்கு அலைச்சல்தான் மிஞ்சும்’ என்கிறார்கள். இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். சேரலாமா?

– ஒரு பயிற்சி மையத்தின் ஒருங்கிணைப்பாளர்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளருக்கு,

சேருங்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய தாளில் இருப்பதை அப்படியே ஏற்றுக்கொண்டு சேராதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த அழைப்பு ஒருவர் போஸ்டரைப் பார்க்கும் நொடி வரைதான் யோசித்திருக்கிறது. அதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. நாற்பது வயதில் ஒருவர், பள்ளியை விட்டுப் பல வருடம் ஆனவர், அந்தப் போஸ்டரைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஓர் எண்ணுக்கு அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை யார் எடுப்பார்கள்? எடுத்தவர் அவரை எங்கே அனுப்புவார்? அனுப்பிய இடத்தில் இடம் இருக்குமா? இல்லையென்றால் அவரிடம் என்ன சொல்வார்கள்? நீங்கள் பேச வேண்டிய விஷயம் இதுதான். லோகோ எந்த அளவில் வரும் என்பதெல்லாம் பிறகு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வயது வந்தோர் கல்வியில் முதல் அழைப்பு வீணானால் பெரும்பாலும் இரண்டாவது அழைப்பு வராது என்பதுதான். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் ஓர் இடத்தில் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போவார். எழுதப் படிக்கத் தடுமாறுகிறேன், கணக்கு வராது என்று முதல் முறையாக ஒரு அந்நியரிடம் வாய் திறந்து சொல்பவர் அப்படி இல்லை. ‘இந்தப் பருவம் நிரம்பிவிட்டது, அடுத்த முறை முயற்சி செய்யுங்கள்’ என்ற ஒரு வாக்கியம் போதும். ‘நமக்கெல்லாம் இது சரிப்படாது’ என்று அவர் ஏற்கெனவே நினைத்திருந்தது உறுதியாகிவிடும். அந்த வாக்கியத்தைச் சொல்லும் இடத்தில் உங்கள் மையம்தான் இருக்கப் போகிறது. பிரச்சாரம் செய்பவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் நிர்வாகிகள் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். பொதுவான பிரச்சாரம் யாரை முதலில் எட்டும் என்று நினைக்கிறீர்கள்? ஏற்கெனவே படித்தவர்களை. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளை உறுப்பினர்களாகக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) 2019ல் வெளியிட்ட ஆய்வின்படி, திறன் குறைவாக உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர்தான் வேலை சார்ந்த பயிற்சியில் சேர்கிறார். திறன் அதிகம் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சேர்கிறார்கள். அதே அமைப்பு 31 நாடுகளிலும் பகுதிகளிலும் 16 முதல் 65 வயது வரை உள்ளவர்களிடம் நடத்திய திறன் கணக்கெடுப்பின் முடிவுகள் 2024 டிசம்பரில் வந்தன. படிப்பது, கணக்கு, புதிய சூழலில் சிக்கலைத் தீர்ப்பது ஆகிய மூன்றிலுமே அடிப்படை நிலையைக்கூட எட்டாதவர்கள் அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரியாக 18 சதவீதம். இவர்களைத்தான் பிரச்சாரம் தேடுகிறது, ஆனால் இவர்கள்தான் போஸ்டரைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள். இவர்களோடு தினமும் பேசிப் பழகியவர்கள் நீங்கள். அந்தத் துறைக்கு உங்கள் லோகோவைவிட உங்கள் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைதான் தேவை. உங்களிடம் இருப்பது சின்னப் பொருள் இல்லை என்ற நினைப்போடு பேசப் போங்கள்.

நல்லபடி நடந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பிரிட்டனில் 1970களின் நடுவில் வயது வந்தோர் எழுத்தறிவுக்காக ஒரு பெரிய இயக்கம் எழுந்தது. 1975ல் பிபிசி தொலைக்காட்சி அதற்காகப் பத்து நிமிடத் தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நடிகர் பாப் ஹாஸ்கின்ஸ், வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும், சரியாகப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளியாக அதில் நடித்தார். தொடரைப் பார்த்தவர்கள் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். அழைத்தவரை அவர் ஊரில் கற்றுக்கொடுப்பவர்களிடம் சேர்க்க ஓர் ஏற்பாடு இருந்தது. கற்றுக்கொடுக்கத் தன்னார்வலர்களைத் திரட்டினார்கள். அவர்களுக்கான பயிற்சிக்கும் பாடப்பொருளுக்கும் அரசு பத்து லட்சம் பவுண்டு ஒதுக்கி, அதைப் பங்கிட ஒரு தனி அமைப்பையும் உருவாக்கியது. தொலைக்காட்சி, தொலைபேசி, கற்பிப்பவர், பணம் நான்கும் ஒரே காலத்தில் சேர்ந்து வந்ததால்தான் அந்த முயற்சி வயது வந்தோர் கல்வியின் வரலாற்றில் நின்றது. தொலைக்காட்சித் தொடர் மட்டும் வந்திருந்தால் நல்ல நிகழ்ச்சி என்ற பெயரோடு முடிந்திருக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி இயக்கமும் இதே பாடத்தை வேறு விதத்தில் சொல்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். படிக்க வாருங்கள் என்று கூப்பிட்டதோடு விடாமல், எது அவர்களைத் தடுக்கிறது என்று பார்த்து அதிலும் கை வைத்தார்கள். பிறர் கொண்டுபோய் விடுவதற்காகக் காத்திருக்காமல் நினைத்த இடத்துக்குத் தானே போக முடிவதும் ஒரு திறன்தான். உங்களிடம் வருகிறவர்களைத் தடுப்பது வேறாக இருக்கலாம்: குழந்தையை யாரிடம் விடுவது, ஷிப்ட் வேலை, கட்டணம், அரிச்சுவடியில் தொடங்குவதன் கூச்சம். எது என்று அரசுத் துறையைவிட உங்களுக்குத்தான் தெரியும். பதில் கடிதத்தில் அதை எழுதுங்கள். ‘எங்களிடம் விசாரிக்க வந்து சேராமல் போனவர்கள் சொன்ன காரணங்கள் இவை’ என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், கூட்டாளியாக நீங்கள் தரக்கூடியவற்றில் அதுதான் விலைமதிப்புள்ளது.

இனி கெட்டுப்போனதையும் பார்ப்போம். இங்கிலாந்தில் 2000 செப்டம்பரில் தனிநபர் கற்றல் கணக்குத் திட்டம் தொடங்கியது. பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கும் என்று பெரிய அளவில் விளம்பரம் செய்தார்கள். 2002க்குள் பத்து லட்சம் கணக்குகள் என்பது இலக்கு. திறக்கப்பட்டவை சுமார் 26 லட்சம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மாபெரும் வெற்றி. ஆனால் பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்யும்போது தரச் சோதனை இல்லாததால் மோசடிக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். 2001 நவம்பரில் திட்டத்தைத் திடீரென்று மூடினார்கள். ஒழுங்காகப் பாடம் நடத்திய சிறு மையங்களும் அதில் அடிபட்டன. பிரான்சிலும் தொழிற்பயிற்சிக்கான தனிநபர் கணக்கு வந்த பிறகு, அந்தப் பணத்தைக் குறிவைத்து மக்களைத் தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் துரத்தியவர்கள் பெருகினார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் அத்தகைய அழைப்புகளையே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் 2017ல் திறன் வளர்ப்பு நிதியிலிருந்து கிட்டத்தட்ட நான்கு கோடி சிங்கப்பூர் டாலரை ஒரு கும்பல் போலி ஆவணங்களால் கறந்தது வெளியே வந்தது.

உங்கள் பிரச்சாரத்தில் மோசடி நடக்கும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெரிய பிரச்சாரம் நல்ல பயிற்சிக்கும் கூட்டம் சேர்க்கும், போலிப் பயிற்சிக்கும் கூட்டம் சேர்க்கும். ‘அரசு விளம்பரத்தில் பார்த்தேன்’ என்று நம்பிப் போகிறவர் ஏமாந்தால், அதே போஸ்டரில் இருக்கும் உங்கள் பெயர்மேலும் அந்தக் கோபம் விழும். அதனால் கூட்டாளிகளை எந்த அடிப்படையில் சேர்க்கிறீர்கள், புகார் வந்தால் ஒரு கூட்டாளியை எப்படி நீக்குவீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தனியார் நிறுவனம் பற்றிய உங்கள் கவலைக்கும் இதுவே பதில். அது தனியார் என்பதால் மட்டும் ஒதுங்க வேண்டாம். தனியார் துறையில் அருமையாகப் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே விதி பொருந்துகிறதா, கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்கிறார்களா, பிரச்சாரத்தின் ஹெல்ப்லைனுக்கு (உதவித் தொலைபேசி எண்ணுக்கு) வரும் அழைப்புகளை யாருக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பார்கள் என்பவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எளிதாகக் கற்றுக்கொள்ளக்கூடியவர்கள் எல்லாம் ஒரு பக்கம் போய், அதிக உழைப்புத் தேவைப்படுகிறவர்கள் மட்டும் உங்களிடம் வந்தால், ஆண்டு முடிவில் தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடும்போது உங்கள் மையம் தோற்றுப்போனதாகத் தெரியும்.

சரி, உங்கள் அறுபது இடங்களுக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும்.

பிரச்சாரம் எந்த மாதம் தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள். உங்கள் சேர்க்கை முடிந்து இரண்டு வாரம் கழித்து அது தொடங்கினால் வருகிற எல்லோரையும் நீங்கள் திருப்பி அனுப்ப நேரும். தேதியை மாற்ற அவர்களால் முடியாமல் போகலாம், பெரிய பிரச்சாரங்களின் விளம்பர இடங்களை முன்கூட்டியே வாங்கியிருப்பார்கள். அப்படியானால் நீங்கள் உங்கள் காலண்டரை மாற்றுங்கள். ஒரு பருவம் முழுக்க நடக்கும் வகுப்புக்கு முன்னால் நான்கு அமர்வுகள் கொண்ட ஒரு தொடக்க வகுப்பு வைக்கலாம். பருவத்தின் நடுவிலும் அதில் சேரலாம் என்று இருக்கட்டும். வருகிறவருக்கு எந்த வகுப்பு பொருந்தும் என்று பார்க்க உங்களுக்கும் அவகாசம் கிடைக்கும், அவருக்கும் ‘இன்றைக்கே ஏதோ ஒன்று தொடங்கிவிட்டது’ என்ற பிடிப்பு கிடைக்கும். அறுபது இடங்களையும் ஒரே நாளில் நிரப்பாதீர்கள். பிரச்சாரத்தின் வழியாக வருகிறவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, அந்த எண்ணைத் துறையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ‘இந்தப் பருவத்தில் எங்களால் பதினைந்து பேரைப் புதிதாக ஏற்க முடியும். அதற்கு மேல் அனுப்பினால் அவர்களை எங்கே சேர்ப்பீர்கள்?’ என்று கேளுங்கள். இப்படி எண்ணோடு கேட்கும் கூட்டாளியைத் துறை அதிகாரிகள் மதிப்பார்கள். எத்தனை பேர் வந்தாலும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்பவரை நம்பித் திட்டமிட அவர்களுக்கும் வழியில்லை.

காத்திருப்புப் பட்டியல் என்று ஒன்று வைத்தால் அதற்கு ஒரு ஆள் வேண்டும். பட்டியலில் இருப்பவரைக் குறிப்பிட்ட இடைவெளியில் கூப்பிட்டு, ‘உங்களை மறக்கவில்லை, இன்ன தேதியில் இடம் வரும்’ என்று சொல்ல வேண்டும். யாரும் கூப்பிடாத பட்டியல் வைத்திருப்பதைவிட, வேறு நல்ல மையத்தின் பெயரைச் சொல்லி, முடிந்தால் நீங்களே அங்கே பேசிவிட்டு அனுப்பி வைப்பது நல்லது.

முதல் அழைப்பை எடுப்பவருக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுங்கள். ‘என்ன படித்திருக்கிறீர்கள்?’ என்று தொடங்கும் உரையாடல் பலரை அங்கேயே நிறுத்திவிடும். ‘எதற்காகக் கற்க நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் பேசுவார்கள். பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் உதவ, மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க, மருந்துச் சீட்டை யாரிடமும் கேட்காமல் படிக்க என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். விண்ணப்பப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பி வரச் சொல்லாதீர்கள். படிவம் நிரப்ப முடியாததால்தான் சிலர் உங்களைத் தேடியே வருகிறார்கள். ஹெல்ப்லைன் அரசுத் துறையுடையது என்றால், அங்கே பேசப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க நீங்கள் முன்வரலாம். ஒரு மதியம் போதும். அந்த ஒரு மதியத்தால் வரும் பலன் நூறு பகிர்வுகளால் வராது.

அடுத்து, போஸ்டரில் என்ன எழுதியிருக்கும் என்பது. அச்சுக்குப் போகும் முன் உங்களுக்குக் காட்ட வேண்டும், உங்களிடம் படிக்கும் சிலரிடம் நீங்கள் காட்டிக் கருத்துக் கேட்கலாம் என்று நிபந்தனை வையுங்கள். 2020 அக்டோபரில் பிரிட்டனில் நடந்தது இதற்குப் போதுமான காரணம். சைபர் பாதுகாப்புத் துறைக்கு ஆட்களை ஈர்க்கும் ஒரு பிரச்சாரத்தில், ஒரு பாலே நடனக் கலைஞரின் படத்தைப் போட்டு, அவருடைய அடுத்த வேலை சைபர் துறையில் இருக்கலாம், அவருக்கே அது இன்னும் தெரியாது என்ற பொருளில் வாசகம் எழுதியிருந்தார்கள். கொரோனாவால் அரங்குகள் மூடிக் கலைஞர்கள் வருமானம் இல்லாமல் தவித்த நேரம் அது. வந்த கொதிப்பில் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள். அப்போதைய கலாசாரத் துறை அமைச்சர் ஆலிவர் டௌடன், அது தன் துறையிலிருந்து வந்ததல்ல, கூட்டாளிப் பிரச்சாரம் ஒன்று, நயமற்றதுதான் என்று சொன்னார். கூட்டு விளம்பரத்தில் பழி எப்படி நகரும் என்பதை இங்கே கவனியுங்கள். நடனம் ஆடுகிறவரிடமோ தச்சு வேலை செய்கிறவரிடமோ ‘உன் வேலை போதாது, வேறு கற்றுக்கொள்’ என்று சொல்லும் போஸ்டரில் உங்கள் பெயர் இருக்கவே கூடாது. கைவசம் இருக்கும் திறமையை மதித்துவிட்டு, அதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கலாம் என்று சொல்லும் போஸ்டருக்குத்தான் நம் மக்கள் செவி கொடுப்பார்கள்.

இப்போது உங்கள் மாணவர்கள் மூவரின் கதைகள். கடிதத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், எனக்கோ இதுதான் அதிகக் கவலை தருகிறது.

படித்து முன்னேறியவர் தானே பேசுவதைவிட வலுவான அழைப்பு கிடையாது. பிரிட்டனில் 1992ல் தொடங்கிய வயது வந்தோர் கற்றல் வாரம் கற்றவர்களுக்கு விருது கொடுத்து, அவர்கள் கதையை ஊருக்குச் சொல்லித்தான் வளர்ந்தது. அந்த யோசனை பல நாடுகளுக்குப் பரவி, 2000ல் யுனெஸ்கோ அதைச் சர்வதேச அளவுக்கு எடுத்துப் போனது. ஆகவே கதை வேண்டும் என்று துறை கேட்பதில் தவறில்லை. ஆனால் நாற்பத்தைந்து வயதில் எழுதக் கற்றுக்கொண்டேன் என்று சொல்பவரின் படம் பேருந்தின் முதுகில் ஒட்டப்பட்டால், அவருடன் வேலை செய்பவர்கள், சம்பந்தி வீட்டார், பிள்ளையின் நண்பர்கள் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். அவர் உங்களிடம் ‘சரி’ என்று சொன்னது உங்கள்மேல் உள்ள நன்றியாலும் இருக்கலாம். ஆசிரியர் கேட்டால் மறுக்க முடியாது என்ற நிலையில் வாங்கும் ஒப்புதல் முழு ஒப்புதல் ஆகாது. அதனால் பாடம் நடத்துகிறவர் கேட்க வேண்டாம், வேறொருவர் கேட்கட்டும். எங்கெல்லாம் வரும், எத்தனை காலம் இருக்கும் என்று வாய்விட்டு விளக்குங்கள், படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் பேசிவிட்டு வர ஒரு வாரம் கொடுங்கள். பெயரை மாற்றலாம், முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுக்கலாம் என்ற வழிகளையும் சொல்லுங்கள். பின்னால் மனம் மாறினால் புதிதாக எங்கும் பயன்படுத்த மாட்டார்கள் என்பதையும், இணையத்தில் இருப்பதை இத்தனை நாளில் நீக்குவார்கள் என்பதையும் துறையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். கதை எழுதி முடித்ததும் அவருக்கே முதலில் படித்துக் காட்ட வேண்டும். அவர் சொல்லாத கண்ணீரை எழுதுகிறவர் சேர்த்திருந்தால் வெட்டிவிடுங்கள்.

மூன்று பேர் கிடைக்கவில்லை என்றால் ஒருவரை மட்டும் அனுப்புங்கள். ஒருவரும் விரும்பவில்லை என்றால் உங்கள் பயிற்றுநர் ஒருவர் பேசட்டும். இந்த ஒரு விஷயத்தில் துறை நெருக்கினால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கதைக்கு அப்பாற்பட்டும் நம்பிக்கையான ஆட்களைப் பயன்படுத்தும் வழி இருக்கிறது. பிரிட்டனில் தொழிற்சங்கங்கள், வேலையிடத்தில் சக தொழிலாளி ஒருவரையே, மற்றவர்களைக் கற்கத் தூண்டும் கற்றல் பிரதிநிதியாக நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தன. 2002ல் வந்த வேலைவாய்ப்புச் சட்டம் அந்தப் பிரதிநிதிகளுக்கு, வேலை நேரத்திலேயே சம்பளத்தோடு இந்தப் பணிக்கு நேரம் பெறும் உரிமையைக் கொடுத்தது. மேலாளரிடம் ‘எனக்கு எழுத வராது’ என்று சொல்லத் தயங்கும் ஒருவர், பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரிடம் சொல்லுவார். உங்கள் பழைய மாணவர்களில் பேச்சுத்துணையாக இருக்க விரும்புகிறவர்கள் நாலைந்து பேர் கிடைத்தால், அவர்களுடைய பயணச் செலவுக்கும் நேரத்துக்கும் துறை பணம் தரட்டும் என்று கேளுங்கள். ‘பணம் எதுவும் இல்லை’ என்பது பெரும்பாலும் உங்கள் அமைப்புக்கான பொது நிதி இல்லை என்று அர்த்தம். குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட தொகை என்று கேட்டால் விளம்பரச் செலவிலிருந்து ஒதுக்க வழி இருக்கலாம். நீங்கள் செலவிடப் போகும் மணி நேரத்தையும் கணக்குப் போட்டுக் கடிதத்தில் காட்டுங்கள், இலவசமாகவே செய்வதானாலும் காட்டுங்கள். போஸ்டர் ஒட்டவும் பகிரவும் வாரத்துக்கு இவ்வளவு நேரம்தான், பாடம் நடத்தும் பயிற்றுநர்களை அதற்கு எடுக்க மாட்டோம் என்ற வரம்பும் அதிலேயே இருக்கட்டும்.

தகவல் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரச்சாரத்தின் வழியாக வருகிறவர்களின் பெயர், எண், படிப்பு விவரம் யாரிடம் இருக்கும், எதற்குப் பயன்படும், எப்போது அழிக்கப்படும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உங்கள் மாணவர் பட்டியலை யாரிடமும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். லோகோ விஷயத்திலும் அதிகம் மெனக்கெட வேண்டாம்: உங்கள் அனுமதி இல்லாமல் புதிய விளம்பரத்தில் போடக் கூடாது, நீங்கள் விலகினால் எடுத்துவிட வேண்டும், இந்த இரண்டும் போதும். பிரச்சாரத்தில் இருப்பதால் துறையின் கொள்கையை விமர்சிக்கக் கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். தேர்தல் அறிவித்தால் அரசு விளம்பரங்கள் நின்றுபோவது பல நாடுகளில் வழக்கம். அப்படி நின்றால் உங்கள் சேர்க்கை எப்படி நடக்கும் என்பதற்கும் ஒரு மாற்றுத் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வெற்றி என்று எண்ணுவது என்பதிலும் இப்போதே ஒத்துப்போக வேண்டும். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விருப்பக்குறி போட்டார்கள் என்று பிரச்சாரக் குழு அறிக்கை எழுதும். அவர்கள் வேலைக்கு அது தேவைதான். உங்களுக்குத் தேவை வேறு: எத்தனை பேர் அழைத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நேரில் வந்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், நாலாவது வாரமும் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர். என் அனுபவத்தில் நாலாவது வாரக் கணக்குதான் உண்மை பேசும். முதல் வாரம் போஸ்டரால் வருவார்கள், நாலாவது வாரம் பயிற்றுநரால்தான் இருப்பார்கள். சேரும்போதே ‘எங்களைப் பற்றி எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?’ என்று கேட்டுக் குறித்து வையுங்கள். போஸ்டரா, தொலைக்காட்சியா, பக்கத்து வீட்டுக்காரரா என்று தெரிந்தால், அடுத்த முறை பணத்தை எங்கே போட வேண்டும் என்று துறையிடம் ஆதாரத்தோடு பேசலாம். இந்தக் கணக்கை நீங்கள் அவர்களுக்குத் தருவதாகச் சொல்லுங்கள். பதிலுக்கு, மற்ற கூட்டாளிகளின் கணக்கையும் சேர்த்து எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

உங்கள் நிர்வாகிகளில் இரண்டு தரப்பினரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாய்ப்பு என்கிறவர்களிடம், இந்த வாய்ப்புக்குத் தேவையான வேலையில் யார் எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். அலைச்சல்தான் மிஞ்சும் என்கிறவர்களிடம், எது எழுத்தில் இருந்தால் உங்கள் பயம் தீரும் என்று கேளுங்கள். இரண்டு பதில்களையும் சேர்த்தால் உங்கள் பதில் கடிதத்தின் முக்கால் பங்கு தயாராகிவிடும். கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சேர விரும்புகிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு எத்தனை பேரை ஏற்க முடியும், அதற்கு மேல் வருகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு, போஸ்டரை முன்பே பார்ப்பது, மாணவர் கதைகளுக்கான ஒப்புதல், புகார் வந்தால் நடவடிக்கை என்று கேட்பவற்றை வரிசையாக எழுதுங்கள். எதில் பேச்சுக்கு இடம் உண்டு, எதில் இல்லை என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். இரண்டு வாரம் போதாதென்றால் இன்னொரு வாரம் கேளுங்கள். கூட்டாளி வேண்டும் என்று நினைக்கும் எந்த அலுவலகமும் ஒரு வாரத்துக்காக ஒரு பயிற்சி மையத்தை இழக்காது.

அவர்கள் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கூட்டாளியாகக் கையெழுத்துப் போடாமலே அந்தப் பிரச்சாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அது ஓடும் வாரங்களில் மக்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் தொடக்க வகுப்பை வையுங்கள், உங்கள் பெயரிலேயே ஒரு நோட்டீஸ் அடியுங்கள், பழைய மாணவர்களிடம் சொல்லி ஆளுக்கு ஒருவரை அழைத்து வரச் சொல்லுங்கள். தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் இருக்கட்டும், மாலை நேரத்திலும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்